பீர், பேஞ்சோ, நம்ம ஊர் கூத்து: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க பெரியப்பா பையன் அமெரிக்காவுல நார்த் கரோலினால இருக்கான். "கிராஃப்ட் பீர், புளூகிராஸ் ஃபெஸ்டிவல்"னு ஒண்ணுக்கு பொண்டாட்டி புள்ளைங்களோட போயிட்டு வந்து போட்டோ அனுப்பிருக்கான். எங்கம்மா அத பாத்துட்டு "குடிக்கற எடத்துக்கு கொழந்தைய தூக்கிட்டு போயிருக்கானே"ன்னு ரெண்டு நாளா பொலம்பறாங்க. கழுத்துல வேற என்னமோ மாலை போட்டிருக்கான். அது என்ன திருவிழாங்க? (ஓசூர் வாசகர்)

பதில்: அம்மாகிட்ட மொதல்ல அந்த மாலைய பத்தி சொல்லுங்க. அது ப்ரெட்சல்னு ஒரு பண்டம், நம்ம முறுக்கு மாதிரி மொறுமொறுன்னு உப்பு தூக்கலா இருக்கும், நடுவுல ஓட்டை இருக்கறதால நூல்ல கோத்து கழுத்துல மாட்டிக்குவாங்க, ஒரு வாய் பீரு, ஒரு கடி ப்ரெட்சல். வெறும் வயித்துல குடிக்காம இருக்கறதுக்கும் ஆச்சு, அடுத்த பீரோட ருசி நாக்குல தனியா தெரியறதுக்கும் ஆச்சு.

திருவிழான்னா ஒரு மைதானம், சுத்தி அந்த வட்டாரத்துல பீர் காய்ச்சற சின்ன சின்ன கம்பெனிங்களோட மேசை, ஒரு பக்கம் புளூகிராஸ்ங்கற அமெரிக்க நாட்டுப்புற இசைக்கு மேடை. டிக்கெட் வாங்கினா ஒரு குட்டி கிளாஸ் கைல குடுப்பாங்க. ஒரு தடவைக்கு 60 மில்லி, மிஞ்சிப்போனா 120 மில்லி ஊத்துவாங்க, அதுவும் 21 வயசு ஆச்சான்னு கார்டு பாத்து கைல பட்டை கட்டினவங்களுக்கு மட்டும். வண்டி ஓட்டறவங்களுக்குன்னு கம்மி விலையில தனி டிக்கெட் நெறைய எடத்துல உண்டு, அவங்களுக்கு தண்ணி, சோடா தான். குடும்பம் குடும்பமா வீட்ல இருந்தே மடக்கு சேர் எடுத்துட்டு வந்து மேடை முன்னாடி போட்டுக்குவாங்க, கொழந்தைங்க புல்லுல ஆடிட்டு கெடக்கும்.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. 5 சதவீத பீர் 60 மில்லில சுத்தமான ஆல்கஹால் 3 மில்லி. நம்ம ஊர் குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், அதுல 77 மில்லி. கடை வாசல்ல நின்னு ஒருத்தர் ரெண்டு மடக்குல கவுக்கறது அந்த குட்டி கிளாஸ்ல சுமாரா 26 தடவ வாங்கி குடிக்கறதுக்கு சமம். அதுக்காக பீர் ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லல, கிராஃப்ட் பீர்ல 8, 9 சதவீதமும் இருக்குது, எண்ணாம குடிச்சா அங்கயும் தள்ளாட்டம் தான்.

கிராஃப்ட் பீர்னா சின்ன அளவுல, காய்ச்சறவங்களே ருசி பாத்து பாத்து காய்ச்சறது. அமெரிக்காவுல 1978ல ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதியா இருந்தப்ப வீட்ல சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சிக்கலாம்னு சட்டத்துல கையெழுத்து போட்டாரு. அப்படி வீட்ல காய்ச்சி கை பழகினவங்க பல பேர் தான் பின்னாடி சின்ன கம்பெனி ஆரம்பிச்சாங்க.

கேள்வி: பீர்ல மால்ட் சேர்க்கறாங்களாமே, நான் என் பையனுக்கு தினமும் ராகி மால்ட் தான் குடுக்கறேன். இத கேட்டதுல இருந்து எங்க வீட்டுக்காரர் வேணாங்கறாரு. ரெண்டும் ஒண்ணா? (பாலக்கோடு வாசகி)

பதில்: தாராளமா குடுங்கம்மா. மால்ட்னா முளைகட்டி காய வெச்ச தானியம், அவ்வளவு தான்.

நீங்க வீட்லயே பண்றவங்களா இருந்தா இது கண்ணால பாத்ததா தான் இருக்கும். ராகிய ராத்திரி ஊற வெச்சு வெள்ளைத் துணில மூட்டை கட்டி வெக்கறோம், மறுநாள் மூட்டைய அவுத்தா ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு நூலு நூலா வெள்ளையா முளை விட்டிருக்கும், கைய வெச்சா உள்ள லேசா சூடா இருக்கும். அதுல நாலு மணிய எடுத்து மென்னு பாருங்க, தித்திக்கும். முளை விடற வெதை தனக்குள்ள இருக்கற மாவுச்சத்த தானே ஒடைச்சு சர்க்கரை ஆக்கிக்குது, அதுக்குன்னு ஒரு என்சைம் அதுல ஊறுது. அதனால தான் மால்ட் கஞ்சி களி மாதிரி கெட்டி ஆகாம நீர்க்க இருக்குது, கொழந்தையும் ஈசியா குடிச்சிடுது.

பீர் காய்ச்சறவங்களும் பார்லில இதே வேலைய தான் பண்றாங்க. முளைகட்டி காய வெச்ச பார்லிய உடைச்சு 65 டிகிரி சுடுதண்ணில ஒரு மணி நேரம் போட்டு, அந்த இனிப்பு தண்ணிய வடிச்சு, ஹாப்ஸ்னு ஒரு கொடியோட பூவ கசப்புக்கும் வாசனைக்கும் போட்டு கொதிக்க வெச்சு, ஆற வெச்சு ஈஸ்ட் சேர்க்கறாங்க. ஈஸ்ட் சர்க்கரைய தின்னுட்டு ஆல்கஹாலும் கேஸும் விடுது. போதை வர்றது அந்த கடைசி கட்டத்துல தான், உங்க அடுப்புல அது வரவே வராது.

இன்னொன்னும் சொல்லணும், இதுல எனக்கு ரொம்ப பெருமை. கேழ்வரகு கெழக்கு ஆப்பிரிக்கா மலைங்கள்ல பொறந்த பயிரு, உகாண்டாவுல அதுல பீர் காய்ச்சி நடுவுல ஒரு பானைய வெச்சு சுத்தி உக்காந்து நீட்டு குழாய்ல உறிஞ்சுவாங்க. நேபாளம், சிக்கிம் பக்கம் புளிக்க வெச்ச கேழ்வரகு மேல சுடுதண்ணி ஊத்தி மூங்கில் குழாய்ல குடிக்கறாங்க, டோங்பான்னு பேரு. நம்ம என்ன பண்றோம், ராகி மாவ கரைச்சு ராத்திரி பூரா புளிக்க வெச்சு காலைல கூழ் காய்ச்சறோம். அந்த புளிப்பு தர்ற பாக்டீரியா கூட்டம் தான் கிராஃப்ட் பீர்ல "சவர்"னு தனி மேசை போட்டு ஊத்தற புளிப்பு பீருக்கும் வேலை செய்யுது. ஆடி மாசம் அம்மனுக்கு அண்டா அண்டாவா கூழ் ஊத்தற நம்ம பொம்பளைங்களுக்கு தெரியாத வித்தை இல்ல அது.

கேள்வி: புளூகிராஸ்னு யூடியூப்ல தேடி கேட்டேன். ட்ரம்ஸே இல்ல, ஆனா என்னா வேகம்! அதுல வர்ற மாண்டலின் நம்ம சீனிவாஸ் வாசிச்சது தானா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: வாத்தியம் ஒரே குடும்பம், ஆனா கம்பி வேற. யு.சீனிவாஸ் வாசிச்சது எலெக்ட்ரிக், ஒத்தை ஒத்தையா 5 கம்பி, கர்நாடக சங்கீதத்துல சுரத்த அசைச்சு வாசிக்கற கமகம் வரணும்னு அப்படி வெச்சுக்கிட்டாரு. புளூகிராஸ்ல வர்றது ஜோடி ஜோடியா 8 கம்பி, மரத்தோட சத்தம் மட்டும் தான். ட்ரம்ஸ் இல்லாத குறைய தீர்க்கறதே அந்த மாண்டலின் தான், தாளத்துக்கு நடுவுல நடுவுல கம்பிய அடிச்சு டக்குன்னு அமுக்கி நிறுத்துவாங்க, காய் நறுக்கற சத்தம் மாதிரி கேக்கும், அத "சாப்"னு சொல்றாங்க.

இந்த இசைக்கு அப்பான்னு எல்லாரும் சொல்றது பில் மன்றோவ, மாண்டலின்காரர், கென்டக்கில 1911ல பொறந்தவரு. கென்டக்கிக்கு புளூகிராஸ் மாநிலம்னு செல்லப்பேரு, அதனால தன் குழுவுக்கு "புளூ கிராஸ் பாய்ஸ்"னு வெச்சாரு, அந்த பேரே இசைக்கும் ஒட்டிக்கிச்சு. 1945 டிசம்பர்ல நார்த் கரோலினால பொறந்த எர்ல் ஸ்க்ரக்ஸ்னு 21 வயசு பையன் பேஞ்சோவோட வந்து சேர்ந்தான், மூணு விரல்ல அவன் வாசிச்ச வாசிப்புல தான் நீங்க சொல்ற அந்த வேகம் வந்துது. பேஞ்சோவ பாத்தா கஞ்சிராவுக்கு கழுத்து வெச்சு 5 கம்பி கட்டின மாதிரி இருக்கும். அது ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா கொண்டு போன ஜனங்களோட வாத்தியம், இந்த உண்மைய சொல்லாம அந்த பாட்ட ரசிக்கக் கூடாதுங்கறது என் எண்ணம்.

பழைய முறையில எல்லாருக்கும் சேர்த்து நடுவுல ஒரே மைக் தான். பாடறவரு முன்னாடி வருவாரு, பாடி முடிச்சு ஒதுங்குவாரு, பிடில்காரர் அந்த எடத்துக்கு வந்து ஒரு சுத்து வாசிப்பாரு, அப்புறம் பேஞ்சோ. ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்க மாட்டாங்க. இத மொத தடவ பாத்தப்ப எனக்கு எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதக்கூத்து தான் ஞாபகம் வந்துது, நடுவுல தொங்கற ஒரே மைக்கு கீழ அர்ச்சுனன் வேஷம் பாடிட்டு பின்னால போக, பின்பாட்டுக்காரங்க அந்த கடைசி அடிய வாங்கி பாட, முகவீணைங்கற குட்டி நாயனம் அதுக்கும் மேல ஏறி நிக்கும். குரலும் அதே உச்சம், அடிவயித்துல இருந்து வர்ற உச்சம். அங்க மூணு நாள் புளூகிராஸ் விழா மொதமொதல்ல நடந்தது 1965ல, வர்ஜீனியாவுல ஃபின்காஸ்ல்ங்கற ஊர் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில. இன்னைக்கும் மேடைய விட கார் நிறுத்தற எடத்துல தான் விசேஷம், முன்னபின்ன தெரியாதவங்க வட்டமா நின்னு விடிய விடிய வாசிப்பாங்க.

கேள்வி: நானும் வீட்ல பீர் காய்ச்சி பாக்கலாமா? (அரூர் வாசகர்)

பதில்: வேணாம் தம்பி. தமிழ்நாட்டுல லைசென்ஸ் இல்லாம எந்த மதுவ காய்ச்சினாலும் குற்றம், 1937ம் வருஷத்து மதுவிலக்கு சட்டம் அது. கள்ளுக்கே 1987ல இருந்து தடை. ருசி பாத்தே ஆகணும்னா பெங்களூர்ல அங்கயே காய்ச்சி அங்கயே ஊத்தற மைக்ரோப்ரூவரி நெறைய இருக்குது, மாங்கா சீசன்ல மாம்பழ பீரே போடறாங்க. ஆனா பைக்குல மட்டும் போயிடாதீங்க, சூளகிரி ரோட்டுல ராத்திரி லாரிங்களுக்கு நடுவுல போதையில வர்றத நெனைச்சாலே எனக்கு பதறுது. ஓசூர், பாலக்கோடு, தர்மபுரி வழியா சேலத்துக்கு ரயில் இருக்குது, அதுல வாங்க.

கேள்வி: நம்ம மாவட்டத்துல இப்படி ஒரு விழா நடத்தினா நம்ம பண்பாட்டுக்கு ஒத்து வராதுன்னு என் ஃப்ரெண்ட் சண்டை போடறான். நீங்க என்ன சொல்றீங்க? (தர்மபுரி வாசகர்)

பதில்: பண்பாடுன்னு ஆரம்பிச்சா உங்க ஃப்ரெண்ட் தோத்துடுவாரு. தகடூர் நம்ம ஊரு, அதியமான் நம்ம ராஜா. அவரு செத்தப்ப ஔவையார் அழுது பாடினது புறநானூறுல 235வது பாட்டு, அதுல மொத வரியே கள்ள பத்தி தான். கொஞ்சமா கெடைச்சா எங்களுக்கு குடுத்துடுவான், நெறைய கெடைச்சா நாங்க பாட அவனும் சந்தோஷமா குடிப்பான்னு சொல்றாங்க. பாட்டும் கள்ளும் ஒண்ணா உக்காந்த ஊருங்க இது.

ஆனாலும் இப்ப நடத்துங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. எங்க சித்தப்பா குடிச்சு குடிச்சு 43 வயசுல போனாரு, சித்தி ரெண்டு பொண்ணுங்கள வெச்சுக்கிட்டு மாங்கூழ் ஃபேக்டரில தோல் சீவி கரை சேர்த்தாங்க, சீசன் முடிஞ்சு வர்றப்ப அவங்க விரல் நுனியெல்லாம் மாம்பால் பட்டு கருத்து வெடிச்சு இருக்கும். நம்ம தெருவுல ருசிக்காக குடிக்கறவங்க எத்தன பேரு? மறக்கறதுக்கு குடிக்கறவங்க தான் ஜாஸ்தி, அந்த கூட்டத்துக்கு நடுவுல குட்டி கிளாஸும் ப்ரெட்சல் மாலையும் எடுபடாது.

பீர் இல்லாம மிச்சத்த எல்லாம் செய்யலாம், அத செய்யணும்னு தான் என் ஆசை. கிருஷ்ணகிரில வருஷா வருஷம் அகில இந்திய மாங்கனி கண்காட்சி நடக்குது, ஜனம் குடும்பத்தோட வருது. அங்க ஒரு ஓரத்துல பத்து ஊர் பொம்பளைங்க பத்து பானை கூழ் வெக்கட்டும், ஒரு நாள் புளிச்சது, ரெண்டு நாள் புளிச்சது, மோர் ஊத்தினது, கம்பு கலந்தது, மாங்கா தொக்கோட. குட்டி டம்ளர்ல ஊத்தி எந்த ஊர் கூழ், யாரு காய்ச்சினதுன்னு எழுதி வெக்கணும். மேடைல ஒரே மைக், பென்னாகரம் பக்கத்து கூத்துக்காரங்களுக்கு அர மணி நேரம்னு ஒதுக்காம முழு ராத்திரி குடுக்கணும், முழு சம்பளம் குடுக்கணும். பெங்களூர்ல பேஞ்சோ வாசிக்கற பசங்க யாராவது வந்தா முகவீணை பக்கத்துல நிக்க வெச்சு கேக்கலாம்.

உங்க ஊர்ல இந்த வருஷம் பாரதக்கூத்து எப்ப போடறாங்க, எந்த கோயில், எத்தன நாள்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல தேதியோட போடறேன்.