உப்பளத்துப் பெண்ணுக்கு என்ன வேண்டும்?

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு ஊர் தூத்துக்குடிப் பக்கம். அனிமேஷன் இறுதியாண்டு படிக்கிறேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 11 நிமிட இசைப்படம் ஒன்றைக் கையால் வரைந்து எடுத்துவருகிறோம். நாயகிக்கு 14 வயது. உப்பளத்தில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டுபோகிறவள். அவளுக்காக இதுவரை 70 படங்களுக்கு மேல் வரைந்துவிட்டேன். இரட்டைச் சடை, மயில்நீலப் பாவாடை, பாவாடைக் கரையில் வரிசையாக மாங்காய் வடிவம், காதில் ஜிமிக்கி, கழுத்தில் மூன்று சரம் பாசிமணி. அழகாகத்தான் இருக்கிறாள், ஆனால் உயிர் இல்லை. எங்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர், கண்ணைப் பெரிதாக்கு, இடையைச் சிறிதாக்கு என்கிறார். அப்படிச் செய்தால் எங்கோ பார்த்த முகமாகிவிடுகிறது. படம் முடிந்த பிறகு பாடல்களைப் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். சிறு வயதில் பார்த்த டிஸ்னியின் கடற்கன்னி இன்னமும் மனதில் நிற்கிறாள். அப்படி ஒரு நாயகியை எங்கிருந்து தொடங்குகிறார்கள்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சடை எத்தனை, பாவாடை என்ன நிறம், கழுத்தில் எத்தனை சரம் என்று எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் இணைத்திருந்த நான்கு படங்களையும் பார்த்தேன். உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. பாட்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் மனதில் நிற்கும் கடற்கன்னியையே எடுத்துக்கொள்வோம். அவள் பெயர் ஏரியல், 1989 நவம்பரில் வெளியான 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் நாயகி. கதை 1837-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதியது. அந்தக் கதையை டிஸ்னி நிறுவனம் இந்தப் படத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பே கையில் எடுத்துப் பார்த்திருக்கிறது. டென்மார்க் ஓவியர் கே நீல்சன் அதற்காக வரைந்த ஓவியங்கள் கிடப்பில் இருந்தன. 80-களில் அவற்றைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள், படத்தில் அவர் பெயரையும் போட்டார்கள். அபாரமான ஓவியங்கள் அவை. ஆனால் நாம் அறிந்த ஏரியல் அவற்றிலிருந்து எழுந்து வரவில்லை. என்னைக் கேட்டால், அவள் பிறந்தது ஹோவர்ட் ஆஷ்மன் என்ற பாடலாசிரியரின் மேசையில்.

ஆஷ்மன் நாடக மேடையிலிருந்து வந்தவர். இசையமைப்பாளர் ஆலன் மென்கனோடு சேர்ந்து 1982-ல் நியூயார்க்கில் ஓர் இசை நாடகத்தை மேடையேற்றிப் பெயர் வாங்கியவர். டிஸ்னி ஓவியர்களுக்கு அவர் ஒரு பாடமே நடத்தியிருக்கிறார். இசை நாடகம் எதை எடுத்தாலும் தொடக்கத்திலேயே, இரண்டாவது மூன்றாவது பாட்டிலேயே, நாயகி ஓரிடத்தில் உட்கார்ந்து தனக்கு என்ன வேண்டும் என்று பாடுவாள். பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் அவள்மேல் பாசம் வந்துவிடும். மிச்சப் பொழுது முழுவதும் அவளுக்கு அது கிடைக்க வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருப்பார்கள். அவர் சொன்னதன் சாரம் இதுதான். இத்தகைய பாட்டை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் 'ஐ வாண்ட் சாங்' என்பார்கள். நாம் ஆசைப்பாட்டு என்று வைத்துக்கொள்வோம்.

ஏரியலின் ஆசைப்பாட்டை உங்கள் கடிதம் வந்த அன்று இரவு திரும்பவும் பார்த்தேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். கடலுக்கடியில் ஒரு குகை, அதில் மூழ்கிய கப்பல்களிலிருந்து அவள் பொறுக்கிவந்த மனிதச் சாமான்கள். வெறும் ஏக்கப் பாட்டாக இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். பாட்டின் நடுவே அவள் சொற்களுக்குத் திணறுகிறாள். பாதத்துக்கு என்ன பெயர் என்று ஒரு கணம் யோசிக்கிறாள். தெரு என்ற சொல்லைத் தேடிப் பிடிக்கிறாள். நெருப்பு என்ன செய்யும் என்று சொல்ல வந்து, 'எரியும்' என்ற சொல் வாயில் வராமல் தடுமாறுகிறாள். அயல்மொழி ஒன்றை ஆசையாகத் தானே கற்றுக்கொள்ளும் 16 வயதுப் பெண் அவள் என்பது அந்த மூன்று தடுமாற்றங்களிலேயே தெரிந்துவிடுகிறது. ஒலியை நிறுத்திப் பார்த்தபோது, அந்தத் தடுமாற்றங்களை அவள் முகத்திலேயே படிக்க முடிந்தது. பாட்டில் அது எழுதப்படாமல் இருந்திருந்தால் ஓவியர் எதை வரைந்திருப்பார்?

அந்த ஓவியர் கிளென் கீன். அதுவரை அவர் பெயர் வாங்கியது கரடி, வில்லன் எலி போன்ற முரட்டு உருவங்களை உயிர்ப்பிப்பதில். இந்தப் படத்திலும் சூனியக்காரி அவருக்கு என்றுதான் பேச்சு இருந்தது. இந்தப் பாட்டைக் கேட்டதும், ஏரியலை நான்தான் வரைவேன் என்று போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். உங்களுக்கு அழகான பெண்ணை வரைய வருமா என்று அங்கே சந்தேகப்பட்டிருக்கிறார்கள். அவரோடு மார்க் ஹென்னும் ஏரியலுக்குத் தலைமை ஓவியராக இருந்தார். கீனைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு குரல். முகம் என்ன அளவு என்பது அவருக்குப் பிறகு வந்த கேள்வி.

குரலுக்கு உரியவர் ஜோடி பென்சன், நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் ஏற்கெனவே ஆஷ்மனின் வேறொரு நாடகத்தில் நடித்தவர். பதிவின்போது கடலுக்கடியில் இருக்கும் உணர்வு வர வேண்டும் என்று விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு இருட்டில் பாடினார். ஆஷ்மன் பக்கத்திலேயே நின்று, சத்தத்தைக் கூட்டாதே, தவிப்பை உள்ளே அடக்கு என்று வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காட்சியின் படப்பதிவு இருக்கிறது, தேடிப் பாருங்கள். நம் சினிமாவிலும் பாட்டுதானே முதலில் பதிவாகிறது? நடிகை அதற்குப் பிறகுதான் வாயசைக்கிறார். அனிமேஷனில் பாட்டோடு பேச்சும் அப்படித்தான். குரல் எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே தோள் ஏற வேண்டும். பாட்டை நீங்கள் பிறகு போட்டால், ஏற்கெனவே ஏறி இறங்கிவிட்ட தோளுக்கு மூச்சைத் தேட வேண்டியிருக்கும்.

கூந்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது உங்களுக்கு நேரடியாக உதவும். ஏரியலுக்குச் சிவப்புக் கூந்தல் கொடுத்ததற்கு முக்கியக் காரணம் பச்சை வாலும் நீலக் கடலும். அந்த இரண்டுக்கும் எதிரே சிவப்புதான் எடுப்பாக நிற்கும். போதாததற்கு, 1984-ல் வந்து ஓடிய வேறொரு கடற்கன்னிப் படத்தின் நாயகிக்குப் பொன்னிறக் கூந்தல், அந்தச் சாயலும் வரக்கூடாது. தண்ணீரில் கூந்தல் எப்படி மிதக்கும் என்று அறிய இரண்டு வழிகளைத் தேடினார்கள். ஷெர்ரி ஸ்டோனர் என்ற நடிகையை நீச்சல் குளத்தில் இறக்கிப் படம் பிடித்தார்கள். விண்வெளிக்குப் போன அமெரிக்க வீராங்கனை சாலி ரைடின் தலைமுடி எடையில்லாமல் மிதந்த காட்சிகளையும் பார்த்தார்கள். நீங்கள் ஜிமிக்கியை வரைந்தபோது காற்று எந்தப் பக்கம் அடித்தது? உப்பளத்தில் காற்று ஓயாதே. ஆனால் நான்கு படங்களிலும் சடை இரண்டும் செங்குத்தாகத் தொங்குகின்றன.

ஒரு கணக்கும் போட்டுவிடுவோம். 11 நிமிடம் என்றால் 660 வினாடி. திரையில் வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படச்சட்டங்கள் ஓடும். வரைந்த ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 படம். அவள் திரையில் இருக்கும் நேரமெல்லாம் அந்த வேகத்தில் மூன்று சரம் பாசிமணியையும் கரை மாங்காய்களையும் நான்கு பேரும் வரைந்துகொண்டிருக்க வேண்டும். படம் முழுவதும் அவள் இருந்தால் 7,920 முறை. அவளுடைய ஆசையோடு சம்பந்தம் இல்லாத மணி ஒன்றுகூட வேண்டாம்.

ஏரியலை வடிவமைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சோதனை கதையிலேயே இருந்தது. பாட்டால் நம்மைக் கட்டிப்போட்ட பெண் பாதிப் படத்தில் குரலைப் பறிகொடுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு பெரும்பகுதி அவளுக்கு வசனமே இல்லை. கண், புருவம், விரல், கழுத்தின் சாய்வு இவ்வளவுதான் மிச்சம். அவள் கண்கள் பெரிதாக இருப்பதற்கு அந்தப் படத்தில் வேலை இருக்கிறது, அவைதான் அவளுக்காகப் பேச வேண்டும். கை போன வழியே கண் போக வேண்டும் என்று நம் நாட்டிய ஆசிரியர்கள் பிள்ளைகளைத் திருத்துவார்களே, அந்தப் பாடம் முழுவதையும் இந்த இடத்தில் பார்க்கலாம். குகைப் பாட்டின் முடிவில் அவள் மேலே நீந்திப்போய், கூரையில் உள்ள திறப்பு வழியாக வெளிச்சத்தை நோக்கிக் கையை நீட்டுகிறாள். கை எட்டிய மட்டும் போகிறது. பிறகு உடம்பு மெல்லக் கீழே இறங்குகிறது, பார்வை மட்டும் இறங்குவதில்லை. அந்தக் காட்சியை எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இந்தப் பாட்டைப் படத்திலிருந்தே தூக்கிவிடப் பார்த்தார்கள் என்றால் நம்புவீர்களா? வேலை முடியாத நிலையில், பென்சில் கோடுகளோடு குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டியபோது அவர்கள் இந்த இடத்தில் நெளிந்தார்கள். ஒரு பிள்ளை கொட்டிய பாப்கார்னில் கவனமாகிவிட்டது. ஸ்டுடியோவின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெஃப்ரி காட்ஸன்பெர்க் பாட்டை வெட்டச் சொன்னார். ஆஷ்மன் விடவில்லை. இயக்குநர்கள் ரான் கிளமென்ட்ஸும் ஜான் மஸ்கரும் விடவில்லை, கீனும் விடவில்லை. வண்ணமும் கோடும் இன்னும் தேறிய நிலையில் மறுபடி போட்டுக் காட்டியபோது குழந்தைகள் அசையாமல் பார்த்தார்கள். பாட்டு பிழைத்தது. அன்று அது போயிருந்தால், ஏரியல் அப்பாவின் பேச்சைக் கேட்காத பிடிவாதக்காரியாக மட்டுமே நமக்குத் தெரிந்திருப்பாள். ஆஷ்மன் 1991 மார்ச்சில், 40 வயதில், எய்ட்ஸால் இறந்துபோனார். அந்த ஆண்டின் இறுதியில் வந்த அவருடைய அடுத்த டிஸ்னி படம், கடற்கன்னிக்கு அவள் குரலைத் தந்தவர் என்று சொல்லி அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அந்த வரி திரையில் வரும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

இடை விஷயத்துக்கு வருகிறேன். ஏரியலின் இடை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அதைப் பார்த்துப் போலச்செய்ய வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதே கிளமென்ட்ஸும் மஸ்கரும் 27 ஆண்டுகள் கழித்து, 2016-ல், பசிபிக் தீவுப் பெண் மோவானாவைப் படைத்தபோது உறுதியான கால்களும் தோளும் கொடுத்தார்கள். கடலில் தனியாகப் படகு செலுத்துகிறவள் அவள், பாயை இழுத்துக் கட்ட உடம்பு வேண்டாமா? உங்கள் பெண் வரப்பில் வாளியோடு தினமும் நடக்கிறாள். ஒரு தோள் சற்றே தாழ்ந்திருக்கும். அதை வரையுங்கள். ஆசிரியரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

பாட்டு நாயகியையே மாற்றிவிட்டதும் உண்டு. 2013-ல் வந்த 'ஃப்ரோஸன்' படத்தில் எல்சாவை முதலில் வில்லியாகத்தான் யோசித்து வைத்திருந்தார்கள். கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபஸும் ராபர்ட் லோபஸும், மறைத்து மறைத்து வாழ்ந்த ஒருத்தி இனி மறைக்க மாட்டேன் என்று பாடும் பாட்டை எழுதிக் கொடுத்தார்கள். இதைப் பாடுகிறவள் வில்லியாக இருக்க முடியாது என்று கதையையே திருத்தி எழுதினார்கள். இயக்கியவர்கள் கிறிஸ் பக், ஜெனிஃபர் லீ. அந்தப் பாட்டில் கையுறை போகிறது, மேலங்கி போகிறது, கிரீடம் போகிறது, இறுக்கக் கட்டிய கூந்தல் அவிழ்கிறது. பாட்டின் பொருளே உடையலங்காரமாகியிருக்கிறது.

இனி உங்கள் பெண். உப்பளத்து நண்பகல் எப்படிக் கூசும் என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டும், நான் ஒருமுறைதான் போயிருக்கிறேன். ஆனால் அங்கே கண்ணை அகல விரித்த ஒரு முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் சுருங்கியே இருந்தது. புருவத்துக்கு மேலே கை போயிருந்தது. உங்கள் நாயகியும் படம் முழுக்கக் கண்ணைச் சுருக்கியே இருக்கட்டும். அவள் ஆசைப்பட்டது தென்படும் ஓரிடத்தில் மட்டும் அந்தக் கண் விரியட்டும். பெரிய கண்ணை அந்த ஓரிடத்துக்குச் சேமித்து வையுங்கள். அவள் எதற்கு ஆசைப்படுகிறாள் என்று நான் சொல்லக்கூடாது. வாளியை இறக்கி வைத்துவிட்டு எங்கே உட்காருவாள், எந்தத் திசையைப் பார்ப்பாள், எந்தச் சொல் அவள் வாயில் வராமல் நிற்கும் என்று உங்கள் ஊர்ப் பெண்களோடு பேசிக் கண்டுபிடியுங்கள். ஒன்றரை நிமிடப் பாட்டு போதும். நால்வரில் பாட வருகிறவர் யாராவது செல்பேசியில் பதிவு செய்யட்டும், தாளம்கூட வேண்டாம்.

அடுத்த கடிதத்தில் படம் எதுவும் வைக்காதீர்கள். அந்தப் பாட்டை மட்டும் அனுப்புங்கள்.

அன்புடன்.