கோதாவில் ஒரு பேய்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கோத்தகிரி வாசகர் ஒருவரின் கடிதத்தை வெளியிட்டு, பதிலுக்கு ஒரு மாதம் அவகாசம் கேட்டிருந்தேன். அதற்குள் மற்ற மலையூர்களிலிருந்தும் அதே விஷயத்தைத் தொட்டுக் கேள்விகள் வந்துவிட்டன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதும் பயில்வான்களுக்கும் பேய்க்குமே ஒதுக்கப்படுகிறது.

நாங்கள் நண்பர்கள் ஆறு பேர், கையில் இருக்கும் சொற்பப் பணத்தில் ஒரு திகில் படம் எடுக்க நினைக்கிறோம். காட்சிக் குஸ்தி நடத்துவதற்காகப் பூட்டிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஒரு குழு வருகிறது. பொழுது விடிவதற்குள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கதையைக் கேட்டவர்கள், "காட்டெருமை மாதிரி இருக்கிற ஆளுக்குப் பேயைக் கண்டு என்ன பயம்?" என்று சிரிக்கிறார்கள். இது எடுபடுமா ஐயா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

எடுபடும். ஆனால் அந்தச் சிரிப்பையே கதைக்கு அச்சாணியாக மாற்றிக்கொள்ள வேண்டும். காட்சிக் குஸ்தியில் வலியும் கோபமும் மயக்கமும் முன்பே பேசி வைத்துக்கொண்டு காட்டப்படுபவை என்பது சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவன் நம்புகிறவனைப் போலக் கூச்சலிடுவான். அப்படிப்பட்ட கூட்டத்தின் நடுவே ஒருவனுக்கு உண்மையாகவே ஆபத்து வந்தால், "காப்பாற்றுங்கள்" என்று அவன் போடும் ஓலத்துக்கும் கைதட்டல்தான் விழும். உங்கள் கதையில் பயம் குடியிருக்கும் இடம் அதுதான்.

இத்தொழிலில் நடுவருக்கென்று ஒரு சைகை உண்டு. கீழே கிடப்பவருக்கு நிஜமாகவே அடிபட்டுவிட்டது என்று தெரிந்தால், நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திப் பெருக்கல் குறியைப் போலக் குறுக்காக வைத்துக் காட்டுவார்; மேடைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் மருத்துவருக்கும் அதுவே சேதி. கொடுமை என்னவென்றால், அந்தச் சைகையையும் சில வேளைகளில் நாடகத்துக்காகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் நடுவர் கைகளைக் குறுக்கே உயர்த்தி நிற்க, கூட்டம் இன்னும் உற்சாகமாக விசிலடிக்கும் ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள்; அதற்குப் பிறகு பேய் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் குற்றமில்லை.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1999 மே 23 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிவரும் வேடிக்கைக்காக மேலே ஏறிய ஓவன் ஹார்ட் என்ற வீரர் தவறி விழுந்து இறந்தார். இது காட்சியின் பகுதி அன்று என்பதைத் தொலைக்காட்சி வர்ணனையாளர் வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மீதி நிகழ்ச்சியையும் நிறுத்தாமல் நடத்தி முடித்தார்கள். ஒரு குடும்பத்தின் துக்கத்தைப் படமாக்கும்படி நான் சொல்லவில்லை. பொய்யும் மெய்யும் இப்படி ஒட்டிக் கிடக்கும் தொழில் வேறு அதிகம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

"ஆளைப் பார்த்தால் சிரிப்பு வரும்" என்பதற்கு என் சொந்த அனுபவத்தையே பதிலாகத் தருகிறேன். கேபிள் தொலைக்காட்சி வந்த புதிதில், குன்னூர்ச் சந்தையை ஒட்டிய ஒரு கடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குஸ்தி ஓடும். கேரட்டும் பீன்ஸும் வாங்க வந்தவர்கள் பையோடு வாசலில் நின்றுவிடுவார்கள். 1990 நவம்பரில் அறிமுகமான அண்டர்டேக்கர் என்ற அமெரிக்க வீரர், அடிபட்டு மல்லாந்து கிடப்பார். எதிராளி கையைத் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருப்பார். அப்போது இவர் கையை ஊன்றாமல், முழங்காலை மடக்காமல், இடுப்பிலிருந்து பலகை நிமிர்வதைப் போல எழுந்து உட்கார்ந்து, தலையை மட்டும் மெல்லத் திருப்புவார். வாசலில் ஒருவர்கூடச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு ஏழு உயிர் என்று பள்ளிக்கூடத்தில் சத்தியம் செய்து சொன்ன பையன்கள் இன்று உங்கள் படத்துக்குச் சீட்டு வாங்கும் வயதில் இருக்கிறார்கள். அந்த ஓர் அசைவுக்கு ஒரு பைசா செலவில்லை. வயிற்றுத் தசை போதும்.

எல்லாம் பொய் என்கிறீர்கள். பிறகு நெற்றியில் வழியும் ரத்தம் மட்டும் எப்படி உண்மையாக இருக்கும்?
– ஒரு வாசகி, குன்னூர்

எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை அம்மா. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது, அவ்வளவுதான். கோதா என்பது இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை அடுக்கி, அதன்மேல் மெல்லிய மெத்தையும் கித்தானும் விரித்த மேடை. விழுகிறவர் தாடையை மார்போடு ஒட்டவைத்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்து, உள்ளங்கைகளால் தரையை ஓங்கி அறைவார். அதிர்ச்சி பரவிவிடும், பலகையும் பறையைப் போல முழங்கும். வலி குறையுமே தவிர இல்லாமல் போகாது. ரத்தத்துக்கு, மணிக்கட்டில் சுற்றிய துணி நாடாவுக்குள் மறைத்த பிளேடுத் துணுக்கால் தங்கள் நெற்றியைத் தாங்களே கீறிக்கொள்ளும் பழக்கம் நெடுநாள் இருந்தது. வியர்வை கலந்ததும் சிறு கீறல் முகம் முழுவதும் பரவும். இப்படித் தொழில் ரகசியங்களை வெளியில் சொல்லாமல் காப்பதற்கு அவர்களுடைய குழூஉக்குறியில் "கேஃபேப்" என்று பெயர். 1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் விளையாட்டுக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, அன்றைய பெரிய நிறுவனமே இது கேளிக்கைதான் என்று சட்டமன்றத்திடம் ஒப்புக்கொண்டது.

கோத்தகிரி நண்பர்களுக்கும் இதில் ஒரு வார்த்தை. ஜிம்மில் உடம்பை வளர்த்த தம்பிகளைக் கூட்டிவந்து, பயிற்சி இல்லாமல் பலகைமேல் விழச் சொல்லாதீர்கள். அதிலும் மார்கழிக் குளிரில் இறுகிப்போன உடம்போடு விழுந்தால் கழுத்துக்கு ஆபத்து.

பயில்வான்கள் திகில் படங்களில் நடித்ததுண்டா?
– ஒரு வாசகர், பெருமாள்மலை

தாராளமாக உண்டு. மெக்சிகோவில் எல் சாண்டோ என்ற முகமூடி வீரர் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 1962இல் வந்த ஒன்றில் ரத்தக் காட்டேரிப் பெண்களோடு மோதினார். 2006இல் கேன் என்ற வீரர், பாழடைந்த விடுதியில் இளைஞர்களை வேட்டையாடும் கொலைகாரனாக "சீ நோ ஈவில்" படத்தில் நடித்தார். படம் சுமார்தான், ஆனால் அவருக்கு வசனத்தை மிகக் குறைவாகக் கொடுத்த புத்திசாலித்தனத்தைப் பாராட்ட வேண்டும். அந்தக் கொலைகாரர் 2018இல் டென்னசியில் ஒரு மாவட்டத்தின் மேயரானார் என்பது துணைச் செய்தி.

எங்கள் மலையில் மூடுபனி இலவசமாகக் கிடைக்கும்போது புகை இயந்திரத்துக்கு ஏன் வாடகை கொடுக்க வேண்டும்? முகமூடிக்கு எவ்வளவு செலவிடலாம்?
– ஒரு வாசகர், கூடலூர்

மூடுபனி இலவசம்தான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு கோணத்தை எடுத்துவிட்டு அடுத்த கோணத்துக்குக் கேமராவை நகர்த்துவதற்குள் எதிரே இருக்கும் மரம்கூடத் தெளிவாகத் தெரியத் தொடங்கிவிடும். இரண்டையும் ஒட்டினால் ஒரே வசனத்தின் நடுவே பருவம் மாறியதைப் போலிருக்கும். வெளிக்காட்சிக்கு இயற்கையை நம்புங்கள். உள்காட்சிக்கு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் இருந்த கேமராவை அடுப்பு எரியும் அறைக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸில் நீர் பூத்துவிடும். பையில் இறுகக் கட்டிக் கொண்டுபோய், சூடு சமமான பிறகே திறக்க வேண்டும். தகரக் கூரையின்மேல் மழை விழுந்தால் ஒரு சொல்லும் பதிவாகாது. உங்கள் பக்கம் ஆடி மழை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை என்பதைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

தை மாத விடியலுக்கு முன், புல்லில் உறைபனி படிந்திருக்கும் நேரத்தில், சட்டையில்லாத பயில்வான் ஒருவர் சண்டை முடிந்து நிற்கும்போது தோளிலிருந்து ஆவி எழும். பின்னாலிருந்து ஒரே ஒரு விளக்கை வைத்தால் உடம்பே புகைவதுபோலத் தெரியும். சென்னையில் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் அது கிடைக்காது. தொழிற்சாலை மேல்தளத்தில் இலையை வாட்டுவதற்காகப் போட்டிருக்கும் நீளமான தொட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். வரிசையாகக் கிடக்கும் அவை ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் தாராளமாக நீட்டிப் படுக்கலாம்.

முகமூடிக்கு: 1978இல் வந்த "ஹாலோவீன்" படத்தில் கொலைகாரன் அணிந்தது, கடையில் இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கிய ஒரு தொலைக்காட்சிக் கதாபாத்திரத்தின் ரப்பர் முகம். கண் துளைகளைப் பெரிதாக்கி வெள்ளைச் சாயம் அடித்தார்கள். உங்களுக்கும் அந்த அளவு போதும்.

பேய்க்குக் காரணம் குறும்பர் பழங்குடியினரின் மாந்திரீகம் என்று வைத்தால் நம் மண்ணின் கதையாகிவிடும் அல்லவா?
– ஒரு வாசகர், உதகை

வைக்கக் கூடாது. சூனியம் வைத்தார்கள் என்ற சந்தேகத்தின் பேரில் குறும்பர்கள் கொல்லப்பட்ட நிகழ்ச்சிகள் 19ஆம் நூற்றாண்டு நீலகிரியின் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பழியை நீங்கள் ஒரு பொழுதுபோக்குக்காக மறுபடியும் அவர்கள் தலையில் கட்டுகிறீர்கள். கூட்டத்தைக் கலைத்தால் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமே என்று, நடுவர் உயர்த்திய கைகளைப் பார்த்தும் "நடக்கட்டும்" என்று சொல்கிற காண்ட்ராக்டர் ஒருவர் கதையில் இருக்கட்டும். அவரைவிடப் பெரிய மந்திரவாதி எதற்கு?

கடைசிக் காட்சியில் முகமூடியைக் கழற்றிக் காட்ட வேண்டுமா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

வேண்டாம். மெக்சிகோவில் முகமூடியைப் பணயம் வைத்து மோதுவார்கள். தோற்றவர் கூட்டத்தின் முன் முகத்தைக் காட்ட வேண்டும். மேலே சொன்ன எல் சாண்டோ நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுவெளியில் முகம் காட்டாமல் இருந்து, 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் முகமூடியைச் சற்றே தூக்கிக் காட்டினார். சில நாட்களில், பிப்ரவரி 5 அன்று, இறந்துபோனார். முகமூடியோடேயே அடக்கம் செய்தார்கள்.