ஃபோர் எச் விளக்கு விட்டு விட்டு எரிந்தால்: பிக்கப் கேள்வி பதில்

பட்டர்வொர்த்தில் டீசல் பிக்கப் மட்டும் பார்க்கிற பட்டறை என்னுடையது. ஃபோர் வீல் கோளாறு எதுவானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்தது: "டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது என்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?" அங்கிருந்தே தொடங்குகிறேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது இன்ஜின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்பும் கியர் பெட்டி. டூ எச் போட்டால் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், ஃபோர் எச் போட்டால் நான்கும் இழுக்கும், ஃபோர் எல் போட்டால் நான்கும் மெதுவாக, அதிக வலுவோடு இழுக்கும்.

பழைய டிரைட்டன், நிபோங் திபால்: அண்ணே, ஃபோர் எச் போட்டால் மீட்டரில் முன் சக்கர விளக்குகள் விட்டு விட்டு எரிகின்றன, நிற்பதே இல்லை. செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் பின் சக்கரம் மட்டும்தான் சுற்றுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸையே மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

தம்பி, இப்போதைக்குப் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். விளக்கு விட்டு விட்டு எரிந்தால், முன் ஆக்சில் (முன் சக்கரங்களைச் சுற்றும் அச்சு) இன்னும் கோத்துக்கொள்ளவில்லை என்று பொருள். அல்லது கோத்துக்கொண்ட செய்தி கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரவில்லை.

முதலில் டிரான்ஸ்ஃபர் நல்லதா கெட்டதா என்று பார்த்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, டயருக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, இன்ஜினை அணையுங்கள். டூ எச்சில் இருக்கும்போது அடியில் முன்பக்கம் போகும் ஷாஃப்டைக் கையால் திருப்பினால் சுற்றும். பிறகு ஃபோர் எச் போட்டு, விளக்கு எப்படியிருந்தாலும் சரி, நாலடி முன்னே பின்னே நகர்த்தி, திரும்பவும் அதே மாதிரி நிறுத்தி அணைத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். ஷாஃப்ட் இறுகிப்போய் அசையவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு அதற்கு முன்னால், ஆக்சிலில் இருக்கிறது.

உங்கள் வண்டியில் முன் ஆக்சிலைக் கோப்பது வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சி இழுக்கும் விசை. டீசல் இன்ஜினுக்குப் பெட்ரோல் இன்ஜின் போலத் தானாக உறிஞ்சும் விசை கிடையாது, அதற்கென்று ஒரு பம்ப் வைத்திருப்பார்கள். பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கும் அதே பம்ப்தான். அதனால் பிரேக் மிதி கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் பம்பையும், அதோடு சேர்ந்த பெரிய குழாயையும் பார்க்க வேண்டும். அந்த வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டுகூடப் போகாதீர்கள். பிரேக் நன்றாக இருந்தால் சோலனாய்டு (வேக்குவத்தைத் திறந்து மூடும் மின் வால்வு), ரப்பர் குழாய், ஆக்சுவேட்டர் (ஆக்சிலைக் கோக்கும் கருவி) என்று வரிசையாக வாருங்கள்.

ஆக்சுவேட்டரில் செருகியிருக்கும் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போது இன்னொருவரை ஃபோர் எச் போடச் சொல்லி, குழாய் வாயில் விரலை வையுங்கள். விரலை இழுத்துப் பிடிக்க வேண்டும். இழுக்கவில்லையா, குழாயைத் தடவிக்கொண்டே மேலே போங்கள். இன்ஜின் சூட்டில் வெந்த இடத்தில் ரப்பர் காய்ந்த முருங்கைக்காய் போல இருக்கும். பார்வைக்கு முழுசாகத் தெரியும், வளைத்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். போன மாதம் என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு ஒரு முழம் குழாய்தான் மாற்றினேன். அதற்கு முன் அந்த ஐயா வேறோர் இடத்தில் ஆக்சுவேட்டரும் சோலனாய்டும் புதிதாகப் போட்டிருந்தார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஹைலக்ஸ் வீகோ, செந்தூல்: என் வண்டியில் வேக்குவம் குழாயே இல்லையே? ஆனால் அதே மாதிரிதான் விளக்கு எரிகிறது.

உங்களுடையதில் முன் டிஃப் (இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) மேல் ஒரு சின்ன மின் மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. கோலாலம்பூரில் ஓடும் வண்டி வருஷத்துக்கு ஒரு முறைகூட ஃபோர் எச் பார்ப்பதில்லை. மோட்டார் உள்ளே ஈரம் இறங்கி, துருப்பிடித்து, இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. ஃபியூஸ், பிளக் இரண்டையும் பார்த்த பிறகு மோட்டாரைக் கழற்றுங்கள். சில சமயம் சுத்தம் செய்து கிரீஸ் போட்டாலே உயிர் வந்துவிடும். மாதம் ஒரு தடவை புல்தரையிலோ மண் பாதையிலோ ஃபோர் எச் போட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

டி-மேக்ஸ், ஷா ஆலம்: ஃபோர் எச்சில் மால் கார் பார்க்கிங்கில் திருப்பினால் வண்டி குதித்துக் குதித்து நிற்கிறது. மழை நாளில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் போட்டால் நல்லதா?

வண்டி திரும்பும்போது முன் சக்கரம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரம் சின்ன வட்டம் போடும். ஃபோர் எச் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த சிமெண்டில் வழுக்க இடமில்லை. முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறுகிறது. நீங்கள் பார்த்த குதிப்பு அதுதான். டூ எச்சுக்கு மாற்றியும் விளக்கு அணையாவிட்டால் ஸ்டியரிங்கை நேராக வைத்து நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு அவிழ்ந்துவிடும்.

மழை நெடுஞ்சாலைக்கும் வேண்டாம். நனைந்த தாரிலும் பிடிப்பு இருக்கிறது. ஃபோர் எச் பிரேக் தூரத்தையும் குறைக்காது. நல்ல டயரும் குறைந்த வேகமும்தான் அங்கே காப்பாற்றும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவிலும் டிஃப் வைத்திருக்கிற சூப்பர் செலக்ட் டிரைட்டன் மட்டும் விதிவிலக்கு. அதில் ஃபோர் எச் தாரிலும் ஓடும், ஆனால் நடு டிஃப்பைப் பூட்டிவிடும் ஃபோர் எச் எல் சி-யைத் தாரில் போடக்கூடாது.

பாலிக் புலாவ், டுரியான் தோட்டம்: மேட்டில் ஏறும்போது ஃபோர் எல் விழ மாட்டேன் என்கிறது. ஆட்டோ கியர்.

அக்கா, பாதி மேட்டில் போய்ப் போடாதீர்கள், அடிவாரத்திலேயே போட்டுவிடுங்கள். முழுசாக நிறுத்தி, பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலில் வைத்து, பிறகு சுவிட்சைத் திருப்பி, விளக்கு நிலையாக எரியும் வரை பொறுங்கள். டி-யில் வைத்துக்கொண்டு திருப்பினால் வராது. பல் நேருக்கு நேர் நின்றுவிட்டாலும் வராது. ஓர் அடி நகர்த்தி மறுபடியும் முயலுங்கள். அப்புறமும் வராவிட்டால் பேட்டரியைச் சோதியுங்கள். வலுவிழந்த பேட்டரியில் ஷிஃப்ட் மோட்டார் பாதியில் நின்றுவிடும். இறங்கும்போதும் ஃபோர் எல்லிலேயே இறங்குங்கள். அந்தச் சரிவுகளில் பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் கருகிய வாசம் வரும். ஃபோர் எல் போட்டதும் வழுக்கல் தடுப்பு விளக்கு எரிந்தால் பயப்படாதீர்கள், பல வண்டிகளில் ஃபோர் எல்லில் அந்தத் தடுப்பு தானாக நின்றுவிடும்படிதான் செய்திருக்கிறார்கள்.

கிள்ளான்: 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் வண்டி சக்கரம் மூழ்க நின்றது. இன்ஜின் ஆயில் மட்டும் மாற்றினேன். இப்போது பின்பக்கம் ஊளைச் சத்தம்.

இது எனக்குக் கவலை தருகிற கேள்வி. ஓடிச் சூடான டிஃப் தண்ணீரில் மூழ்கியதும் சட்டென்று ஆறும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முன் டிஃப், பின் டிஃப், டிரான்ஸ்ஃபர் மூன்றையும் திறந்து பார்த்தாக வேண்டும். ஒரு விஷயம்: முதலில் மேலே ஆயில் ஊற்றுகிற போல்ட்டைக் கழற்றுங்கள். அது வராமல் அடி போல்ட்டை மட்டும் திறந்து ஆயிலைக் கொட்டிவிட்டால் வண்டி அங்கேயே படுத்துவிடும். தண்ணீர் அடியில்தான் தங்கும், அதனால் போல்ட் தளர்ந்ததும் முதலில் சொட்டுவதை வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். தே தாரிக் (பால் டீ) நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, திரும்பவும் மாற்றுங்கள். உங்களுக்குச் சத்தமே வந்துவிட்டதால் பேரிங் தேய்ந்திருக்கலாம். இந்த வாரமே கழற்றச் சொல்லுங்கள்.

பின் டயர் இரண்டை மட்டும் புதிதாகப் போட்டால் ஃபோர் வீலுக்குக் கெடுதலா?

முன் டயர் மொட்டையாக இருந்தால் கெடுதல்தான். உயர வித்தியாசம் முறுக்காக மாறும். நான்கையும் சுழற்சி முறையில் மாற்றித் தேயவிடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: பழைய பிக்கப் வாங்கப் போகிறேன். கடைக்காரர் "ஃபோர் வீல் ஓகே" என்கிறார். எப்படி நம்புவது?

விளக்கு எரிவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். புல்லோ சரளையோ உள்ள இடத்துக்கு ஓட்டிப் போய், ஃபோர் எச் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக நகருங்கள். யாரோ பின்னால் இருந்து பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு கனம் தெரிய வேண்டும். அது தெரிந்தால் முன் சக்கரம் உண்மையிலேயே கோத்திருக்கிறது. டூ எச்சில் திருப்பும்போது இருக்கிற அதே லேசு இருந்தால் கோக்கவில்லை. (சூப்பர் செலக்ட் வண்டியில் இதை ஃபோர் எச் எல் சி-யில் செய்யுங்கள்.) கடகடவென்று சத்தம் வந்தால் குனிந்து முன் சக்கரத்தின் உட்பக்க ரப்பர் உறையைப் பாருங்கள். கிழிந்து, கிரீஸ் ரிம்மின் உள்ளே தெறித்திருந்தால் அந்த உறைக்குள் இருக்கும் ஜாயிண்ட் முடிந்தது. புல்தரைக்கு ஓட்ட விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் வேறு வண்டி பாருங்கள்.