சிந்தெடிக் விக்கை ஸ்ட்ரெய்ட்னர் வெச்சு நேராக்கலாமா, கருகிடாதா?

கேள்வி கேட்டவங்க ஓசூர்ல காலேஜ் படிக்கிறாங்க, ஆண்டு விழா நாடகத்துல பாஞ்சாலி வேஷமாம், ஆன்லைன்ல வாங்கின விக் அலை அலையா வந்திருக்கு, ஆனா விரிச்ச கூந்தல் நேரா தொங்கணும்னு டைரக்டர் சொல்றாராம், வீட்ல இருக்கிற ஸ்ட்ரெய்ட்னர்ல டெம்பரேச்சர் செட்டிங் கிடையாது, வெறும் ஆன் ஆஃப் மட்டும்தான், அதைப் போடலாமான்னு கேக்கறாங்க.

போடாதீங்க. அந்த மாதிரி ஸ்ட்ரெய்ட்னர்லாம் மனுச முடிக்குன்னு செஞ்சது, 200 டிகிரி பக்கம் போய் நிக்கும், உங்க விக் அதுல ஒரு இழுப்புக்குத் தாங்காது, சுருண்டு பிளேட்லயே ஒட்டிக்கும்.

நாங்க தர்மபுரில டிராமா டிரஸ் வாடகைக்கு விடறவங்க. ஸ்கூல் விழா, பரதநாட்டியம், பாரதக் கூத்து, மாசி மாசம் மயானக் கொள்ளைக்குக் காளி வேஷம்னு வருசம் பூரா டோப்பா, அதான் விக், வெளிய போயிட்டும் வந்துட்டும் இருக்கும். திரும்பி வரும்போது சிக்கு புடிச்சு, நுனி பொசுங்கி, கற்பூர வாசனையோட தான் வரும். அதையெல்லாம் மறுபடி ஆளாக்கறது என் வேலை, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

மொதல்ல விக் எதுல செஞ்சதுன்னு பாருங்க. மலிவா கிடைக்கிற விக்ல நிறைய மோடாக்ரிலிக் இல்லைன்னா பிவிசிங்கற பிளாஸ்டிக் நார். கனேகலான்னு சொல்றாங்களே, ஜப்பான் கனேகா கம்பெனி சரக்கு, அதுவும் மோடாக்ரிலிக் தான். இது ரெண்டும் ஸ்ட்ரெய்ட்னர் சூட்டுக்கு ஆகவே ஆகாது. இன்னொரு வகை ஹீட் ரெசிஸ்டன்ட்னு லேபிள்லயே போட்டு வரும், அது பெரும்பாலும் பாலியஸ்டர் நார், அதுல மட்டும் தான் அயர்ன், அதாவது ஸ்ட்ரெய்ட்னர், வைக்கலாம், அதுவும் லேபிள்ல போட்டிருக்கிற அளவு வரைக்கும் தான், நிறைய விக்ல 180னு போட்டிருப்பாங்க ஆனா நான் 150ஐத் தாண்ட மாட்டேன். லேபிள்ல எதுவும் எழுதலைன்னா சாதா நார்னே வெச்சுக்கங்க. கடைக்காரர் சொன்னாரு, ரிவ்யூல சொன்னாங்கன்னு நம்பாதீங்க.

நிறைய பேர் ஒரு இழையைக் கொளுத்திப் பாக்கச் சொல்வாங்க. அது மனுச முடியா பிளாஸ்டிக்கான்னு தெரிஞ்சுக்க மட்டும் தான் ஆகும். மனுச முடின்னா முடி கருகற வாடை வரும், சாம்பலை விரல்ல தேச்சா பொடியாகும், சிந்தெடிக்னா சுருங்கி கெட்டியான மணியா நின்னுரும். ஆனா அயர்ன் தாங்குமா தாங்காதான்னு அந்த மணி சொல்லாது. பிவிசியா இருந்தா வர்ற புகை தொண்டையை அறுக்கும், ரூம்குள்ள உக்காந்து பண்ணாதீங்க.

இப்ப விசயத்துக்கு வரேன். நம்ம தலைமுடிய அயர்ன் பண்ணி நேராக்கினா மழைக்காத்து பட்டதும், தலைக்கு ஊத்தினதும் பழையபடி ஆயிடும். சிந்தெடிக் அப்படி இல்லீங்க. இது பிளாஸ்டிக், ஒரு அளவு சூடு வந்ததும் இளகும், இளகின நேரத்துல எந்த ஷேப்ல புடிச்சு வெச்சிருக்கோமோ, ஆறினா அதே ஷேப்ல இறுகிக்கும், அப்பறம் எத்தனை தடவை பச்சைத் தண்ணில அலசினாலும் போகாது. அந்த இளக்கத்துக்கு 70, 80 டிகிரி போதும், 200 எதுக்கு? சூடு காட்டறதை விட ஆற விடறதுல தான் வேலையே இருக்கு, இது புரியாம தான் ஆளாளுக்கு சூட்டை ஏத்திக்கிட்டே போறாங்க.

அதனால உங்களுக்கு சுடுதண்ணி போதும். சுடுதண்ணில இன்னொரு நல்லது, அது எவ்வளவு தான் கொதிச்சாலும் ஒரு அளவுக்கு மேல சூடு ஏறாது. உங்க ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டர் கிட்ட இருக்கு, அங்க தண்ணி 97 டிகிரி பக்கமே கொதிச்சுரும், எங்க தர்மபுரில 98 சொச்சம். அயர்ன் அப்படியா, அது பாட்டுக்கு 200 பக்கம் போயிடும்.

விக்கை தெர்மாகோல் தலைல மாட்டி குண்டூசி குத்திக்கங்க, பெரிய பல்லு சீப்பால நுனில இருந்து ஆரம்பிச்சு மேல வரைக்கும் சிக்கு எடுங்க, சிக்கோட சூடு காட்டினா அந்தச் சிக்கே பர்மனென்ட் ஆயிடும். தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு அடுப்பை அணைச்சு ரெண்டு மூணு நிமிசம் விடுங்க. உள்பக்கம் கழுத்துகிட்ட இருக்கிற ஒரு சின்னக் கொத்தை மட்டும் முக்கி எடுத்துப் பாருங்க, சுருங்கலை, பளபளப்பு மாறலைன்னா தைரியமா இறங்கலாம். தலையை உயரமா ஒரு ஸ்டேண்ட்ல வெச்சு, சொம்புல மொண்டு மெதுவா, முடி மேல மட்டும் ஊத்துங்க. உச்சில இருக்கிற வலை, எலாஸ்டிக், பசை இதுல எல்லாம் படக்கூடாது, எலாஸ்டிக் தளர்ந்துச்சுன்னா மேடைல சபதம் போடும்போது விக் தனியா வந்துரும். கைக்கு கிளவுஸ் போட்டுக்கங்க, பக்கத்துல சின்னப் பசங்க வேணாம். விக்கைத் தலைல மாட்டிக்கிட்டு சுடுதண்ணியோ ஸ்டீமோ காட்டற வேலையே வேணாம், சில வீடியோல காட்டறாங்க, பாத்தாலே வயித்தைக் கலக்குது.

ஊத்தினதும் இழுத்து இழுத்து சீவாதீங்க, இளகி இருக்கிற நார் நீண்டு மெலிஞ்சிடும். கையால லேசா நீவி விட்டு, நேரா தொங்கற மாதிரி விட்டுட்டுப் போயிடுங்க. முழுசா ஆறணும், காயணும். அலை இன்னும் மிச்சம் இருந்தா காய்ஞ்சதுக்கு அப்பறம் இன்னொரு தடவை ஊத்திக்கலாம், ஒரே தடவைல முடிக்கணும்னு கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க. இதே முறைல சுருட்டையும் வைக்கலாம், ரோலர்ல சுத்தி ஊத்திட்டு ராத்திரி பூரா விட்டுட்டு காலைல கழட்டினா போதும்.

தண்ணின்னதும் ஞாபகம் வருது, நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு. அதுல அலசி காய வெச்சா கருப்பு டோப்பால வெள்ளை வெள்ளையா படியும், மேடை லைட்டுக்குப் பொடுகு மாதிரி தெரியும். ஒகேனக்கல் தண்ணி வர்ற வீடா இருந்தா அதைப் புடிங்க, இல்ல கடைசி அலசுக்கு மட்டும் கேன் தண்ணி. அதுல துணிக்குப் போடற கம்ஃபோர்ட் ஒரு மூடி கலந்தா முடி ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நழுவும். தேங்கா எண்ணெய் மட்டும் தடவிடாதீங்க, பிளாஸ்டிக் எண்ணெயைக் குடிக்காது, தூசி தான் ஒட்டும்.

ஒருவேளை லேபிள்ல ஹீட் ரெசிஸ்டன்ட்னு போட்டிருந்துச்சுன்னா, டெம்பரேச்சர் நம்பர் காட்டற ஸ்ட்ரெய்ட்னர் யார்கிட்டயாவது வாங்குங்க. விக் எலும்பு மாதிரி காஞ்சிருக்கணும், ஈரத்துல அயர்ன் வெச்சா ஆவி கிளம்பி நார் சுருட்டிக்கும். 120ல ஆரம்பிங்க, மெல்லிசு மெல்லிசா கொத்து எடுத்து நிக்காம இழுத்துட்டே போங்க, ஹேர் ஸ்ப்ரே எல்லாம் அயர்ன் முடிஞ்சப்பறம் தான், அதுல ஆல்கஹால் இருக்கும், தீப்புடிக்கும்.

பொசுங்கின நுனிக்கு வைத்தியம் இல்லை, கத்திரி தான். கடைக்குத் திரும்பி வர்றதுல பாதி அயர்னால கெட்டது கூட இல்லைங்க, ஒருத்தர் வேஷத்தோட போய் ஆரத்தித் தட்டுக்குக் குனிஞ்சிருக்காரு, ஒரு அம்மா டோப்பாவோட பஜ்ஜி சட்டிகிட்ட நின்னிருக்காங்க, இன்னொருத்தர் வெயில்ல நிறுத்தின கார் டேஷ்போர்டுல வெச்சுட்டுப் போயிருக்காரு. பாலியஸ்டர் உருகினா சொட்டும், தோல்ல பட்டா அப்படியே ஒட்டிக்கும். உங்க நாடகத்துல விளக்கு, தீப்பந்தம் ஏதாவது இருந்தா நிஜ நெருப்பு வேணாம்னு டைரக்டர்கிட்ட இப்பவே சொல்லி வெச்சுருங்க.

விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஊத்திடுங்க, ஓசூர் குளிர்ல அடர்த்தியான விக் உள்ள காய நேரம் புடிக்கும். அவசரம்னா ஃபேன் போடுங்க, டிரையர்னா கூல்ல மட்டும். லேபிளை போட்டோ புடிச்சுக் கமெண்ட்ல போட்டீங்கன்னா எந்த வகைன்னு பாத்துச் சொல்றேன்.