ஆறு வாரத்தில் அமெரிக்க இலக்கியம் படிக்க முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகன் வரும் ஆகஸ்டில் 11-ஆம் வகுப்புக்குப் போகிறான். அமெரிக்க இலக்கியப் பாடத்தை இந்தக் கோடையிலேயே ஆன்லைனில் ஆறு வாரத்தில் முடித்துவிட்டால் அட்டவணையில் ஒரு பீரியட் காலியாகும், அதில் ஏபி பிசிக்ஸ் (கல்லூரித் தரத்தில் நடத்தும் இயற்பியல் பாடம்) வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். "என்ஜினியரிங் போகிற பையனுக்குக் கதையும் கவிதையும் எதுக்கு?" என்று அவன் அப்பா கேட்கிறார். உங்களுக்கோ மனசு ஒப்பவில்லை. இங்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஜான்ஸ் கிரீக், ஆல்ஃபரெட்டா பக்கம் நம்மவர்கள் வீடுகளில் மார்ச் மாதம் வந்தாலே இந்தப் பேச்சுதான்.

நேராகவே சொல்கிறேன். ஆன்லைனில் படிப்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆறு வாரம் என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஜார்ஜியாவில் இந்தப் பாடத்தின் முழுப் பெயரே அமெரிக்க இலக்கியமும் எழுத்துப் பயிற்சியும் என்பதுதான். பிள்ளைகள் பெயரின் முதல் பாதியை மட்டும் பார்க்கிறார்கள். நாலு புத்தகம்தானே, சுருக்கத்தை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் பாடத்தின் உயிர் இரண்டாம் பாதியில் இருக்கிறது. ஒரு கட்டுரை எழுதி, அதை ஆசிரியர் படித்துக் கேள்வி கேட்டு, இரண்டு நாள் அதை ஆறப்போட்டு, திரும்பவும் எழுதுவது. ஒரு பள்ளி ஆண்டு 180 நாள். ஆறு வாரம் என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 30 நாள். வாசிப்பை ஆறு மடங்கு வேகத்தில் எப்படியாவது ஓட்டிவிடலாம். எழுதியதைத் திருத்தும் வேலையை அப்படி ஓட்ட முடியாது. ஆசிரியருக்கும் படிக்க நாள் வேண்டும், பையனுக்கும் தன் தவறு தெரிய நாள் வேண்டும்.

திருத்தம் என்று நான் சொல்வது எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் சுழிப்பதை இல்லை. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி இதே பாடத்தை ஆன்லைனில்தான் படித்தாள். ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-இல் எழுதிய தன்வரலாறு அவர்களுக்குப் பாடம். அடிமையாக இருந்த சிறுவன் பால்டிமோர் தெருக்களில் எழுத்துக் கற்றுக்கொண்ட கதை. அவள் எழுதிய முதல் டிராஃப்டில் தீசிஸ், அதாவது கட்டுரையின் மையக் கருத்து, இப்படி இருந்தது: "கல்வி எவ்வளவு முக்கியம் என்பதை டக்ளஸ் நமக்குக் காட்டுகிறார்." இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் புத்தகத்தைத் திறக்காமலே இதை எழுதிவிட முடியும்.

ஆசிரியர் ஓரத்தில் இரண்டே கேள்வி எழுதியிருந்தார். ரொட்டி யாரிடம் இருந்தது? பசி யாருக்கு இருந்தது?

அவள் திரும்பப் போய்ப் படித்தாள். டக்ளஸ் வேலையாக வெளியே போகும்போது எஜமானர் வீட்டு ரொட்டியைக் கையோடு எடுத்துப்போவார். தெருவில் இருந்த ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு அதைக் கொடுத்து, பதிலுக்கு அவர்களிடம் எழுத்துப் பாடம் வாங்கிக்கொள்வார். அடிமையின் கையில் ரொட்டி இருக்கிறது, சுதந்திரமாகப் பிறந்த பிள்ளையின் வயிற்றில் பசி இருக்கிறது. அந்தப் பையன்களுக்குத் தங்களிடம் உள்ள படிப்பின் விலை தெரியவில்லை, டக்ளஸுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த டிராஃப்டில் அவள் இதைத்தான் எழுதினாள். யாரிடம் எது இருந்தது, அதை யார் எவ்வளவாக மதித்தார்கள் என்று கட்டுரை முழுக்க ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போனாள். அந்த இரண்டு டிராஃப்டுக்கும் நடுவில் ஒன்பது நாள் ஆனது. கோடை வகுப்பில் அந்த ஒன்பது நாளில் இரண்டு யூனிட்டாவது ஓடியிருக்கும்.

உங்கள் கணவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். கண்ணில் பட்ட விவரத்திலிருந்து ஒரு முடிவுக்கு வருவது, அதைப் பிறர் ஏற்கும்படி எழுதிக் காட்டுவது. என்ஜினியரும் அலுவலகத்தில் இதைத்தான் செய்கிறார். கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வில் நல்ல மார்க் இருக்கிறதே என்று கேட்பார். அந்தத் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 64 நிமிடத்தில் 54 கேள்வி. ஒவ்வொரு பத்தியும் 25 முதல் 150 வார்த்தைதான். அதில் பையன் எழுத வேண்டியது ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கேட்கும் கட்டுரை 650 வார்த்தை வரை போகலாம். 12-ஆம் வகுப்புத் தொடக்கத்தில் அதை எழுத உட்காரும்போது, 11-ஆம் வகுப்பில் யாரிடமும் திருத்தம் வாங்காத பிள்ளைகள் திணறுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

சரி, ஆன்லைன் வகுப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? பாடப் பட்டியலில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று ரொம்ப ஆராய வேண்டாம். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் இதைக் கேளுங்கள்: பிள்ளையின் எழுத்தை யார் படிக்கிறார்? ஒரு செமஸ்டரில் எத்தனை கட்டுரைக்கு ஆசிரியர் கைப்படக் கருத்து எழுதுவார்? அதைப் பார்த்துத் திருத்தி மறுபடி கொடுக்க அனுமதி உண்டா? பெயரை மறைத்து, ஆசிரியர் கருத்து எழுதிய ஒரு பழைய கட்டுரையை மாதிரிக்குக் காட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் "அருமை", "இன்னும் விவரம் தேவை" என்று மட்டும் இருந்தால் யோசியுங்கள். வெறும் குவிஸும் டிஸ்கஷன் போர்டும் வைத்தே மார்க் போடுகிற வகுப்பு என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் கிரெடிட் விஷயம், அதாவது வெளியில் படித்த பாடத்தைப் பள்ளி தன் கணக்கில் சேர்த்துக்கொள்வது. சேருவதற்கு முன்பே பள்ளி கவுன்சலரிடமிருந்து ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். போனில் "சரி, பரவாயில்லை" என்றார்கள் என்பது போதாது. வகுப்பை நடத்தும் நிறுவனத்துக்குக் காக்னியா போன்ற தரச்சான்று அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்தப் பாடத்தில் மாநில அளவிலான முடிவுத் தேர்வும் உண்டு. அதில் படித்ததைக் கொண்டு நீளமாக எழுதும் பகுதியும் வரும். வெளியில் ஆன்லைனில் படித்தால் அதை எப்போது, எங்கே எழுதுவது என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். நீச்சல் போட்டிகளுக்குப் போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியிலும் தொடரும் எண்ணம் இருந்தால், அந்த ஆன்லைன் வகுப்பை கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு ஏற்கிறதா என்று அவர்களுடைய பட்டியலில் பார்க்க வேண்டும். அதன் முதல் பிரிவில் போட்டியிட உயர்நிலைப் பள்ளியில் நான்கு வருட ஆங்கிலம் தேவை. ஏற்காத வகுப்பு அந்தக் கணக்கில் வராது.

சிபாரிசுக் கடிதத்தையும் மறந்துவிடாதீர்கள். பல கல்லூரிகள் 11-ஆம் வகுப்பு ஆசிரியரின் கடிதத்தை விரும்புகின்றன. எம்ஐடிகூடக் கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரோடு, மொழி, வரலாறு போன்ற மானுடப் பாட ஆசிரியர் ஒருவரின் கடிதத்தையும் கேட்கிறது. ஆறு வாரம் திரையில் பார்த்த ஆசிரியர் உங்கள் மகனைப் பற்றி என்ன எழுத முடியும்?

ஏஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். மகனிடம் ஒரு பழக்கத்தை மட்டும் ஏற்படுத்துங்கள். கட்டுரையை முதல் வரியிலிருந்து ஒரே கூகுள் டாக்ஸ் கோப்பில் எழுதட்டும், வேறெங்கோ எழுதி வந்து ஒட்ட வேண்டாம். யாராவது சந்தேகப்பட்டால் அந்தக் கோப்பின் திருத்த வரலாறே அவனுக்குச் சாட்சி. கேள்விக்குப் பதிலை இயந்திரத்திடம் வாங்கிக்கொண்டால், ரொட்டி யாரிடம் இருந்தது என்று தேடிப் போகும் அந்த ஒன்பது நாள் அவனுக்குக் கிடைக்காமலே போகும்.

"என் இங்கிலீஷ் அந்த அளவுக்கு இல்லை, நான் எப்படி உதவுவது?" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என் மனதைத் தொட்டது. உங்களால் முடியும். படித்த அத்தியாயத்தை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வகுப்பில் கேட்ட ஆங்கிலச் சொற்றொடர்களைத் தமிழில் அப்படியே ஒப்பிக்க முடியாது. புரிந்திருந்தால்தான் சொல்ல வரும். நீங்கள் "ஏன் அப்படிச் செய்தான்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

சென்னையில் வளர்ந்தவர் நீங்கள். அமெரிக்க எழுத்தாளர் தோரோ, வால்டன் குளக்கரையில் வாழ்ந்ததைப் பற்றி 1854-இல் வெளியிட்ட வால்டன் என்ற புத்தகம் இந்தப் பாடத்தில் அநேகமாக வரும். குளிர்காலத்தில் நூறு ஐரிஷ் தொழிலாளர்கள் வந்து அந்தக் குளத்தின் பனிக்கட்டியை வெட்டி எடுத்துப்போவதை அதில் எழுதியிருக்கிறார். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய ஊர்களில் வெயிலில் வாடுகிறவர்கள் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்கிறார். மெரினா எதிரே நாம் ஐஸ் ஹவுஸ் என்று சொல்லும் கட்டடம், பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டியதுதான். அந்தப் பத்தி வரும் நாளில் அந்தக் கட்டடத்தின் படத்தை அவனிடம் காட்டுங்கள். அன்றைக்கு அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது நீங்கள்தான்.

பிசிக்ஸுக்கு இடம் வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். ஹெல்த், எகனாமிக்ஸ் மாதிரி அரை கிரெடிட் பாடம் ஏதாவது பாக்கி இருக்கிறதா பாருங்கள். அதைக் கோடையில் ஆன்லைனில் முடிக்கட்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், அமெரிக்க இலக்கியத்தை ஆன்லைனிலேயே, ஆனால் இரண்டு முழு செமஸ்டராக எடுக்கட்டும். வாரத்தில் இரண்டு மாலை அதற்கென்று ஒதுக்க வேண்டியிருக்கும், நீச்சல் பயிற்சி அட்டவணையோடு ஒத்துவருமா என்று அவனே உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். பல பள்ளிகளில் இதற்குப் பதிலாக ஏபி ஆங்கில மொழிப் பாடத்தையும் ஏற்பார்கள். வாதம் செய்து எழுதுவதில் ருசி இருந்தால் அதுவும் நல்ல வழி, ஆனால் பிசிக்ஸோடு சேர்த்தால் சுமை அதிகம்.

இந்த வாரம் கவுன்சலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆன்லைன் நிறுவனத்திடமிருந்து அந்த மாதிரிக் கட்டுரை வந்ததும், ஆசிரியரின் கருத்துகள் தெரியும்படி எனக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். படித்துவிட்டுத் தம்பியோடு நானே பேசுகிறேன்.