பே ஸ்லிப் போதாது, பாஸ்புக்கைப் பாருங்க: பி.எஃப். கேள்வி பதில்

சம்பளக் கணக்கு பார்க்கிறதுதான் என் தொழில். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பத்தி பெங்களூர் நண்பர்கள் அனுப்பின கேள்விகளில் சிலதுக்கு இங்கே பதில்.

அக்கா, பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 25,000. என்கிட்ட 3,000 பிடிக்கிறாங்க. கம்பெனி பங்கு 1,750தான் ஏறியிருக்கு. மீதி எங்கே? (எலக்ட்ரானிக் சிட்டி)

பி.எஃப். பாஸ்புக்கில் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்க தம்பி, பென்ஷன்னு 1,250 இருக்கும். கம்பெனி போடுற 12 சதவீதத்தில் 8.33 பென்ஷனுக்குப் போகுது. அதுவும் 15,000 சம்பளம் வரைக்கும்தான் கணக்கு, அதனால 1,250ஐத் தாண்டாது. அந்தக் கட்டத்துக்கு வட்டி கிடையாது; 2024-25க்கு அறிவிச்ச 8.25 சதவீதம் மத்த ரெண்டுக்கும்தான்.

ஒண்ணு மட்டும் கவனிங்க. 2014 செப்டம்பருக்கு அப்புறம் முதல்முறையா பி.எஃப்.ல சேர்ந்து, அப்பவே பேசிக் 15,000க்கு மேல இருந்தா, பென்ஷன் கட்டம் காலியா இருக்கணும். கம்பெனியோட 3,000மும் பி.எஃப்.லயே ஏறணும். இதைத் தப்பாப் போட்டுட்டு, வேலை மாறும்போது ட்ரான்ஸ்ஃபர் சிக்கி முழிக்கிறவங்க நிறைய.

ஆறு மாசமா பிடிக்கிறாங்க மேடம், பாஸ்புக்கில் ஒண்ணும் ஏறலை. 'சர்வர் ப்ராப்ளம்'ங்கிறார் ஹெச்.ஆர். (பீன்யா)

ஆறு மாசத்துக்கு எந்த சர்வரும் படுக்காது. ஒரு மாசத்துப் பணத்தை அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டியாகணும். லேட்டானா வருஷத்துக்கு 12 சதவீத வட்டி, அதுக்கு மேல அபராதம். உங்க பங்கைப் பிடிச்சுட்டுக் கட்டாம வெச்சிருந்தா அது நம்பிக்கை மோசடி, கிரிமினல் கேஸ். பிசினஸ் டல்லுங்கிற சாக்கெல்லாம் எடுபடாது.

வாயால கேக்காதீங்க, மெயில் போடுங்க. பே ஸ்லிப்பையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் மாசவாரியா எடுத்து வைங்க. பிடிச்சதுக்கு அதுதான் ஆதாரம், கட்டலைங்கிறதுக்கு பாஸ்புக். பதில் வரலைன்னா பி.எஃப். அமைப்போட குறைதீர் தளத்தில் யு.ஏ.என். (உங்க நிரந்தர பி.எஃப். கணக்கு எண்) நம்பரைப் போட்டுப் புகார் குடுங்க. நேர்ல போறதா இருந்தா உங்க கம்பெனி எந்த ஆபீஸ் எல்லைக்குள்ள வருதுன்னு பார்த்துட்டுப் போங்க. ரிச்மண்ட் சர்க்கிள் பக்கத்து பவிஷ்ய நிதி பவனுக்கே எல்லாரும் ஓடினா, பாதிப் பேர் திரும்பத்தான் வேணும்.

கடையில 18 பேர், லோடிங்குக்குக் கான்ட்ராக்ட்ல நாலு பேர். என் கடைக்கு பி.எஃப். வருமா? அவங்க சம்பளத்திலயே ரெண்டு பங்கையும் கழிச்சுக்கலாமா? (சிக்பேட்)

வரும் சார். கான்ட்ராக்ட் ஆளும் கணக்கில் சேத்தி, 20 பேர்ங்கிற வரம்பைத் தாண்டிட்டீங்க. நாளைக்கு 15 பேரானாலும் வெளியே வர முடியாது. உங்க கையிலிருந்து போறது 12 இல்லை, 13 சதவீதம்: இன்சூரன்ஸுக்கு அரை, நிர்வாகச் செலவுக்கு அரை. கழிக்கவே கூடாது; உங்க பங்கு உங்க பாக்கெட்லேர்ந்துதான். ஆஃபர் லெட்டர்ல சி.டி.சி.க்குள்ள (ஒரு ஆளுக்குக் கம்பெனிக்கு ஆகிற மொத்தச் செலவு) சேர்த்துக் காட்டுறது வேற கதை. அதுவும் எனக்குப் பிடிக்காது, ஆனா ஊரே செய்யுது.

வேலையை விட்டதும் மொத்தமா எடுத்துடட்டுமா அக்கா? கம்பெனி பங்கை 58 வயசு வரைக்கும் தரமாட்டாங்களாமே? (பொம்மனஹள்ளி, கார்மென்ட்ஸ்)

2016 பிப்ரவரியில் அப்படி ஒரு விதி கொண்டுவந்தாங்க. ஏப்ரல்ல ஓசூர் ரோட்டை மறிச்சு உட்கார்ந்தது உங்க கார்மென்ட்ஸ் பெண்கள்தான். ரெண்டே நாள்ல அரசு வாபஸ் வாங்கிச்சு. வதந்தி மட்டும் இன்னும் சுத்துது.

ஆனா அடுத்த வேலை கிடைச்சா எடுக்காதீங்க, அதே யு.ஏ.என்.ல ட்ரான்ஸ்ஃபர் பண்ணுங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள எடுத்தா வரி உண்டு. ட்ரான்ஸ்ஃபர் பண்ணினா பழைய சர்வீஸும் சேரும். பத்து வருஷம் ஆச்சுன்னா 58ல பென்ஷன். கடைசிச் சம்பளக் கணக்கு 15,000 ஆக இருந்தா 15,000ஐப் பத்தால பெருக்கி 70ஆல வகுங்க: மாசம் சுமார் 2,143. கொஞ்சம்தான், ஆனா ஆயுசு முழுக்க வரும். பழைய கம்பெனி விலகின தேதியைப் போடலைன்னா, ரெண்டு மாசம் கழிச்சு நீங்களே பி.எஃப். போர்ட்டல்ல போடலாம்.

நாமினி அம்மா பேர்ல இருக்கு. போன வருஷம் கல்யாணம் ஆச்சு. மாத்தணுமா? (அல்சூர்)

கட்டாயம். கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின நாமினி, கல்யாணம் ஆன அன்னைக்கே செல்லாமப் போயிடும். வேலையில் இருக்கும்போது ஏதாவது ஆச்சுன்னா 7 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸும் இதே கணக்கில்தான் வரும். ஆதார், போட்டோ இருந்தா போர்ட்டல்லயே இன்னைக்கே முடிச்சிடலாம்.