நடுவில் படுக்கும் பிள்ளையும் மற்றக் கேள்விகளும்

கேள்வி: கலியாணமாகி 14 வருடம். பிந்திப் பிறந்த மகனுக்கு இப்போது 4 வயது. இன்னமும் எங்களுக்கு நடுவில்தான் படுக்கிறான். இரவு பத்தரைக்கு முன் நித்திரை கொள்ள மாட்டான். இடம் போதாமல் கணவர் ஹோலில் செற்றியில் படுக்கத் தொடங்கி ஒரு வருடமாகிறது. வீட்டில் 2 அறைதான், மற்றதில் மாமி. மகனை எப்படிப் பிரித்துப் படுக்க வைப்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: படுக்கையை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்குப் பகல் நித்திரையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணித்தியாலம் நித்திரை வேண்டும். நேர்சரியால் வந்து சாப்பிட்டு 3 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழும்பினால் எட்டரைக்கு எப்படி நித்திரை வரும்? அதை அடம் என்று சொல்லி அடிப்பது நியாயமில்லை. பகலில் ஒரு மணித்தியாலம் போதும், பிந்தினாலும் இரண்டரைக்கு எழுப்பிவிடுங்கள். காலையில் எழுப்பும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். இரவுப் படுக்கையை 3 நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்குக் கொண்டுவந்தால், பத்தரை எட்டரையாக மூன்றரை வாரம் எடுக்கும். ஒரே நாளில் எட்டரைக்குப் படுக்க வைத்தால் 2 மணித்தியாலம் சண்டைதான் மிச்சம்.

நம்மவர் வீடுகளில் இந்த ஒழுங்கைக் குழப்புவது பெரும்பாலும் வெளிநாட்டு வீடியோ கோல். லண்டனில் பின்னேரம் 5 மணி என்றால் இங்கே கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை. சித்தப்பா வேலையால் வந்து பிள்ளையைக் காட்டச் சொல்வார், போன வெளிச்சத்தில் வந்த நித்திரையும் கலைந்துவிடும். ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கு நீங்களே எடுங்கள், லண்டனில் அப்போது காலை ஒன்பதரை அல்லது பத்தரை. கனடா ரொறன்ரோவுக்கு ஞாயிறு காலை 8 மணி. அங்கே சனி இரவு, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்.

இனிப் படுக்கை. தனி அறை தேவையில்லை. உங்கள் கட்டிலோடு ஒட்டி நிலத்தில் ஒரு சின்ன மெத்தை. விரிப்புக்குக் கீழே தண்ணீர் புகாத சீற் ஒன்று போடுங்கள், 4 வயதில் இரவில் சலம் போவது வழக்கந்தான். தனி நுளம்பு வலை கட்டி ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். அந்த வலை பகல் நித்திரைக்கும் வேண்டும், டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்.

முதல் 3 இரவு பக்கத்தில் பாய் போட்டு நீங்கள் படுங்கள். அடுத்த 3 இரவு படுக்காமல் பாயில் உட்கார்ந்திருங்கள். பிறகு கதிரையில், பிறகு கதவடியில். இரவு 2 மணிக்கு எழும்பி உங்கள் கட்டிலில் ஏறினால் லைற் போடாமல், கதை வளர்க்காமல், "நித்திரை நேரம், அம்மா இங்கேதான் இருக்கிறேன்" என்ற ஒரே வசனத்தோடு திருப்பிப் படுக்க வையுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்: 3 தரம் திருப்பிவிட்டு, நாலாம் தரம் களைப்பில் பக்கத்தில் போட்டுக்கொள்வார்கள். நாலு தரம் வந்தால் இடம் கிடைக்கும் என்று பிள்ளை கணக்குப் பண்ணிவிடும், அடுத்த இரவு ஐந்து தரம் வரும்.

கணவர் முதல் இரவே கட்டிலுக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை பழகிய பிறகு வருகிறேன் என்றால் வெற்றிடத்தைப் பார்த்துப் பிள்ளை ஏறத்தான் செய்யும். "பாவம், என்னோடு படுக்கட்டும்" என்று மாமி கேட்கக்கூடும். எல்லா இரவும் அங்கேயே என்றால் பரவாயில்லை, ஒரு நாள் அங்கே ஒரு நாள் இங்கே என்பது கூடாது. இதை மாமியிடம் அவருடைய மகன் சொல்லட்டும், மருமகள் சொல்லத் தேவையில்லை. காய்ச்சல் வந்த கிழமை, நேர்சரி தொடங்கும் கிழமை, யாழ்ப்பாணம் போய் வந்த கிழமை தொடங்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 3 வயது, 12 கிலோ. காய்ச்சல் வந்தால் நான் பனடோல் சிரப் கொடுப்பேன், தெரியாமல் மாமியாரும் கொடுத்துவிடுவார். பிறகு ஒருவரை ஒருவர் குறை சொல்லிச் சண்டை.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: நேரம், எத்தனை மில்லிலீற்றர், கொடுத்தவர் யார். எழுதாமல் போத்தலைத் திறக்கக் கூடாது. பனடோலில் இருக்கும் பரசிற்றமோல் மருந்தின் அளவு ஒரு தரத்துக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 12 கிலோவுக்கு 180. போத்தலில் "5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம்" என்று இருந்தால் அது ஏழரை மில்லிலீற்றர். இடைவெளி 6 மணித்தியாலம், ஒரு நாளில் 4 தரத்துக்கு மேல் வேண்டாம். குசினிக் கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை, ஊசியில்லாத சிரிஞ்சால் அளவுங்கள். கைக்குழந்தைக்கான துளி மருந்து பலமடங்கு செறிவானது, அதை இதே அளவில் கொடுத்தால் ஆபத்து.

கொழும்பில் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைத்தே நடக்க வேண்டும். ஐபுபுரூபன், அஸ்பிரின், டைக்ளோபெனாக் வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். நெக்டோ போன்ற சிவப்பு, மண்ணிறப் பானங்களும் வேண்டாம், வாந்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று டொக்டருக்கே தெரியாமல் போகும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் டொக்டரிடம் காட்டி எஃப்.பி.சி. (முழு இரத்தக் கல எண்ணிக்கை) இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்று ஆறுதலடையும் நேரந்தான் டெங்குவில் ஆபத்தான கட்டம். அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, குளிர்ந்த கைகால், சோர்வு, இரத்தக்கசிவு, 6 மணித்தியாலம் சலம் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பப்பாசி இலைச்சாற்றை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: 16 வருடக் குடும்பம். சண்டை இல்லை, ஆனால் காஸ் முடிந்தது, வான் காசு, கரண்ட் பில், இதைத் தவிர நானும் மனைவியும் ஒன்றும் கதைப்பதில்லை.
– வாசகர், தெஹிவளை

பதில்: அந்தக் கதைகளை ஒரே நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். ஞாயிறு காலை அரை மணித்தியாலம், ஒரு கொப்பி: பில், சாமான், வரும் கிழமை யார் பிள்ளையை ஏற்றுவது. கிழமை நாட்களில் நினைவுக்கு வந்தால் கொப்பியில் எழுதுங்கள், இரவு வாயில் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, வேலைகளை முழுசாகப் பிரியுங்கள். வான் உங்கள் பொறுப்பு என்றால் மாதக் காசு, லீவு நாளில் சாரதிக்குச் சொல்வது, காலையில் பிள்ளையைக் கீழே கொண்டுபோய் ஏற்றுவது எல்லாம் உங்களுடையது. மனைவி நினைவூட்டித்தான் செய்வீர்கள் என்றால் பாதி வேலை இன்னும் அவர் தலையில்தான். அவரும் நீங்கள் மடித்த உடுப்பைக் குலைத்துத் திரும்ப மடிக்கக் கூடாது.

பிள்ளை படுத்த பிறகு 20 நிமிடம், போன் வேறு அறையில். முதல் சில நாள் கதை வராது, தேத்தண்ணி குடித்துக்கொண்டு சும்மா இருங்கள், அதுவும் சரிதான். மாதம் ஒரு தரம் பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு மரைன் டிரைவ் பக்கம் நடந்து வாருங்கள். சாப்பாட்டுக் கடை கட்டாயமில்லை.

கேள்வி: இரண்டரை வயது மகள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசுகிறாள். இரண்டை நிறுத்தவா?
– வாசகி, வத்தளை

பதில்: வேண்டாம். பல மொழி கேட்பதால் பேச்சுப் பிந்துவதில்லை, கலப்பதும் இந்த வயதில் இயல்பு. அவள் "தண்ணி ஓனே" என்றால் திருத்தாமல், "தண்ணி வேணுமா, இந்தா" என்று முழுத் தமிழில் பதில் சொல்லுங்கள். எந்த மொழியிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளையென்றால்தான் கவலை. அப்படியானால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் எங்கே போவதென்று வழிகாட்டுவார், வளர்ச்சிப் பதிவேட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.